பென்னிகுக் என்பது எந்த ஊர்ப் பெயர்?

முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளரால் தேனி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர் ஆகிவிட்ட பென்னிகுக், பிரிட்டனில் மிக அபூர்வமான குடும்பப்பெயர். அங்கே பலர் வாழ்நாளில் ஒரு பென்னிகுக்கைக்கூடச் சந்தித்திருக்க மாட்டார்கள். இத்தகைய அபூர்வப் பெயர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஸ்மித், ஜோன்ஸ் போன்ற பெயர்களின் வரலாற்றைத் தேடினால் கடலில் உப்பைத் தேடுவதுபோல் ஆகிவிடும். அபூர்வப் பெயர் என்றால், பதிவேடுகளில் இருப்பவர்களை ஏறக்குறைய மொத்தமாகத் திரட்டி, எந்த ஊரில் தோன்றியது, எங்கே பரவியது, எங்கே அற்றுப்போனது என்று தடம் பார்க்க முடியும். ஒரே பெயரை எடுத்துக்கொண்டு இப்படித் தேடுவோருக்காகவே பிரிட்டனில் 1979இல் ஒரு சங்கம் தொடங்கப்பட்டு இன்றும் இயங்குகிறது. கேட்க எளிதாக இருக்கும் இந்த வேலையில் முதல் வாரத்திலேயே பெரும்பாலோர் தடுக்கி விழுவது எழுத்துக்கூட்டலில்.

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவுக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டரில், பென்ட்லாண்டு குன்றுகளை ஒட்டி, நார்த் எஸ்க் ஆற்றங்கரையில் இருக்கும் சிற்றூர் பெனிகுக். பென்னிகுக் என்ற குடும்பப்பெயர் பிறந்தது இந்த ஊரின் பெயரிலிருந்துதான். மிட்லோதியன் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1709 முதல் நெடுங்காலம் காகித ஆலைகளுக்குப் பேர்போன ஊராக இருந்தது. ஆங்கிலமும் அதற்கு நெருங்கிய ஸ்காட்ஸ் மொழியும் அந்த வட்டாரத்துக்கு வருவதற்கு முன்னால் அங்கே பேசப்பட்டது வெல்ஷ் மொழிக்கு நெருங்கிய பழைய பிரிட்டானிய மொழி. அந்த மொழியில் 'குயிலின் குன்று' என்ற பொருளில் அமைந்த பெயர் இது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். முன்னால் நிற்கும் 'பென்' வேல்ஸிலும் கார்ன்வாலிலும் நூற்றுக்கணக்கான ஊர்ப் பெயர்களில் வரும். அதனால் பெயரைக் கேட்டதுமே கார்ன்வால்காரர் என்று முடிவுகட்டி, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் ஆண்டுக்கணக்கில் தேடுபவர்கள் உண்டு. தேடல் ஸ்காட்லாந்தின் தென்கிழக்கில் தொடங்க வேண்டும்.

ஊர்ப் பெயரை இன்றைக்கு பி-இ-என்-ஐ-சி-யு-ஐ-கே என்று எழுதுகிறார்கள். உச்சரிப்பு 'பெனிகுக்'. பழைய ஸ்காட்ஸ் எழுத்துமுறையில் 'ஐ' என்ற எழுத்து பல இடங்களில் தனக்கென ஒலி இல்லாமல், முன்னால் உள்ள உயிரை நீட்டிக் காட்டும் குறியாக நிற்கும். புத்தகம் என்ற சொல்லை அவர்கள் பி-யு-ஐ-கே என்று எழுதினார்கள். இந்த வழக்கம் தெரியாத ஆங்கிலக் குமாஸ்தா எழுத்துக்கூட்டிப் படித்தால் 'குயிக்' என்றுதான் வரும். தமிழ்நாட்டில் பென்னிகுக், பென்னி குயிக், பென்னிகுவிக் என்று மூன்று வழக்குகள் ஓடுகின்றன. ஊர்க்காரர்கள் சொல்வதற்கு மிக அருகில் நிற்பது முதலாவது.

ஊர்ப் பெயர் ஒரு குடும்பத்தின் பெயராவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் வரைபடத்தைப் படிக்கவே முடியாது. முதலாவது, அந்த நிலத்துக்கே உடையவராக இருப்பது. 1296இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு ஸ்காட்லாந்தைக் கைப்பற்றியபோது, நிலக்கிழார்கள் பலரும் விசுவாசப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலில் எடின்பரோ மாவட்டத்திலிருந்து ஹியூ என்பவர் 'பெனிகோக்' ஊர்க்காரர் என்று பதிவாகியிருக்கிறார். குடும்பப்பெயரும் ஊர்ப் பெயரும் ஒன்றேயாக இருக்கும் இத்தகைய குடும்பங்களைக் குறிக்க ஸ்காட்லாந்தில் தனி வழக்கே உண்டு: 'அதே பெயருடைய ஊரின் இன்னார்' என்பார்கள். பெனிகுக் நிலத்தை அனுபவிப்பதற்கான கடமையும் வித்தியாசமானது. மன்னர் எடின்பரோவுக்கு வெளியே வேட்டைக்கு வரும்போது, பக்ஸ்டேன் என்ற பாறையில் உட்கார்ந்து மூன்று முறை கொம்பு ஊத வேண்டும். அந்தப் பாறை இன்றும் எடின்பரோவின் தெற்குப் பகுதியில் இருக்கிறது. பக்கத்துக் குடியிருப்புக்கே அதன் பெயர்தான். பெனிகுக் நிலத்தோடு தொடர்புள்ள குலச் சின்னங்களில் வேட்டைக் கொம்பு இருப்பதும், 'ஒரு கொம்பொலிக்கு விடுதலை' என்ற குறிக்கோள் வாசகம் இருப்பதும் இதனால்தான்.

இந்தச் சின்னம் ஒரு பொறி. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பெனிகுக் நிலத்தை வாங்கியவர் ஜான் கிளார்க் என்ற வணிகர். பாரிஸில் வியாபாரம் செய்து பொருள் சேர்த்தவர். நிலத்தோடு கொம்பு ஊதும் கடமையும் அவர் குடும்பத்துக்கு வந்தது. வாசகத்தையும் கிளார்க்குகள் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு 'பெனிகுக்கின் சர் ஜான்' என்று எங்கே படித்தாலும் அது கிளார்க் குடும்பம். பெயரிலுள்ள பெனிகுக் அவர்களுடைய நிலத்தைத்தான் குறிக்கிறது. தேடுபொறியில் ஊரையும் 'சர்' பட்டத்தையும் சேர்த்துத் தட்டுபவர்கள், தமக்குத் தொடர்பே இல்லாத இந்தப் பிரபுக்களைத் தம் வம்ச மரத்தில் ஒட்டவைத்துக்கொண்டு மகிழ்கிறார்கள்.

இரண்டாவது வழி எளியவர்களுடையது: ஊரைவிட்டுப் போனவர்கள். பெனிகுக்கிலேயே இருப்பவரைப் பெனிகுக்காரர் என்று யாரும் கூப்பிடப் போவதில்லை. எடின்பரோவுக்கோ, ஃபோர்த் கழிமுகத்தைத் தாண்டி ஃபைஃப் பக்கமோ போய்ப் பிழைத்தால்தான் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பெயர் அடர்த்தியாக இருக்கும் இடம் பிறந்த ஊரைச் சுற்றி ஒரு வளையமாக அமையும். ஊரிலேயே ஆள் குறைவாக இருந்தால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. முக்கியமான விளைவு இன்னொன்று. நிலக்கிழாரின் மகனும் அவரிடம் குத்தகைக்கு உழுதவரின் மகனும் வேறு வேறு ஊர்களில் இதே பெயரைப் பெற்றிருக்கலாம். பெயர் அபூர்வம் என்பதால் எல்லோரும் ஒரே இரத்தம் என்று முடிவுகட்ட முடியாது.

இந்தப் பெயரில் அச்சேறிய முதல் முக்கியமான ஆள் மருத்துவர் அலெக்சாண்டர் பெனிகுக் (1652–1722). இவர் தன் பெயரை பி-இ-என்-என்-இ-சி-யு-ஐ-கே என்று எழுதினார். இவருடைய அப்பாவும் அலெக்சாண்டர்தான். முப்பதாண்டுப் போரில் ஸ்வீடன் தளபதி பானரின் படையில் அறுவை மருத்துவராக இருந்தவர். பெனிகுக்குக்குத் தென்மேற்கே உள்ள நியூஹாலும், பீபிள்ஸ்ஷயரில் உள்ள ரொமானோவும் இவர்களுடைய நிலங்கள். மகன் 1715இல் டுவீட்டேல் வட்டாரத்தின் புவியியலையும் செடிகொடிகளையும் பற்றி ஒரு விவரணை நூல் வெளியிட்டார், கவிதையும் எழுதினார். இதே காலத்தில் எடின்பரோவில் இன்னொரு அலெக்சாண்டர் பெனிகுக் இருந்தார். அவரும் கவிஞர், 1730இல் இறந்தார். ஒருவர் கவிதையை மற்றவர் பெயரில் அச்சிட்ட பதிப்புகளும், நூலகப் பட்டியல்களில் இருவரையும் கலந்துகட்டிய பதிவுகளும் உண்டு. ஸ்காட்லாந்தில் முதல் மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், இரண்டாவது மகனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர் என்ற வழக்கம் வலுவாக இருந்ததால், அபூர்வக் குடும்பப்பெயர்கூட ஒரே தலைமுறையில் நான்கு அலெக்சாண்டர்களைத் தந்துவிடும். மனைவி பெயர், தொழில், பண்ணையின் பெயர் இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் ஓர் ஆளை இன்னோர் ஆளோடு இணைக்கவே கூடாது.

இனி எழுத்துக்கூட்டல். இன்று அதிகமாகக் காணப்படுவது 'சி-ஓ-ஓ-கே' என்று முடியும் வடிவம். சமையல்காரரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு ஒத்துப்போனதால் குமாஸ்தாக்களுக்கு எளிதாக இருந்தது. 'சி-யு-ஐ-சி-கே' என்று முடிவது மிக அரிது. அணை கட்டிய குடும்பத்தின் எழுத்து அதுதான். இவற்றுக்கு நடுவில் ஒற்றை 'என்', இரட்டை 'என்', 'ஒய்'க்குப் பதில் 'ஐ' அல்லது 'இ', கடைசியில் கூடுதலாக ஓர் 'இ' என்று பத்துப் பன்னிரண்டு வடிவங்கள் ஓடுகின்றன. ஒரே தகப்பனின் மூன்று பிள்ளைகள் ஒரே தேவாலயப் பதிவேட்டில் மூன்று விதமாக எழுதப்படுவது சர்வசாதாரணம். எழுதியவர் பங்கின், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரத்தின், குமாஸ்தா. பெயருக்கு உரியவருக்குப் பல சமயம் எழுதப்படிக்கவே தெரியாது. 'எங்கள் குடும்பம் எப்போதும் இரட்டை ஓ போட்டுத்தான் எழுதும்' என்ற பேச்சை 1850க்கு முன்னால் செல்லாக்காசாக வைத்துக்கொள்ளலாம். ராணுவத்திலும் நிலப் பத்திரங்களிலும் மட்டும் எழுத்து ஓரளவு நிலையாக இருக்கும், அங்கே கையெழுத்துப் போட்டவர் தானே எழுதத் தெரிந்தவர் என்பதால்.

தேடுதளங்களில் நட்சத்திரக் குறி எத்தனை எழுத்துக்கும் ஈடாக நிற்கும். பி-இ-என், நட்சத்திரம், சி, நட்சத்திரம், கே, மறுபடி நட்சத்திரம் என்று போட்டால் மேலே சொன்ன வடிவங்கள் எல்லாம் ஒரே வலையில் விழும். கடைசி நட்சத்திரத்தை விட்டுவிட்டால் 'இ'யில் முடிபவர்கள் நழுவிவிடுவார்கள். இதே வலையில் பென்னிகம்குயிக் என்ற ஊர்ப் பெயரும் வந்து மாட்டும். பிளிமத் நகரில் ஒரு பகுதிக்கு அந்தப் பெயர். ஃபால்மத்துக்கும் ஒரு காலத்தில் அந்தப் பெயர் இருந்தது. நம் பெயருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

இன்னொரு வழி ஒலிக்குறித் தேடல். முதல் எழுத்தை அப்படியே வைத்து, உயிர்களை விட்டுவிட்டு, மெய்களை எண்களாக மாற்றும் முறை இது. 'என்' 5, 'சி'யும் 'கே'யும் 2. பக்கத்துப் பக்கத்தில் வரும் ஒரே எண் ஒரு முறைதான் கணக்கு. இதன்படி இரட்டை ஓ, யு-ஐ-சி-கே, யு-ஐ-கே, யு-கே-இ எல்லாமே 'பி 522' என்ற ஒரே குறியில் அடங்கிவிடும். 'கியூ' எழுத்துக்கும் எண் 2 என்பதால் குயிக் என்று எழுதியவர்களும் அகப்படுவார்கள். பென்னிகம்குயிக் 'பி 525' ஆகி ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் பின்கஸ் என்ற யூதக் குடும்பப்பெயர் 'பி 522'இலேயே வந்து நிற்கும். இரண்டு முறைக்கும் பொதுவான ஓட்டை முதல் எழுத்து. பழைய கையெழுத்தில் பெரிய 'பி'யை 'ஆர்' என்று படித்துப் பதிவுசெய்தவர்கள் ஏராளம். ஒரு குடும்பம் கணக்கெடுப்பில் காணாமல் போனால், 'ஆர்' போட்டும் ஒரு முறை தேடுங்கள். உள்ளே 'சி'யை 'இ' என்றும், இரட்டை 'என்'னை 'எம்' என்றும் படித்திருப்பார்கள். குடும்பப்பெயரை விட்டுவிட்டு, கணவன், மனைவி, மூத்த பிள்ளை மூவரின் முதற்பெயர், வயது, பங்கு இவற்றை மட்டும் போட்டுத் தேடுவது கடைசி ஆயுதம், பெரும்பாலும் பலிக்கும்.

பதிவேடுகளில் ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் வேறுபாடு நிறைய. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பதிவு 1837 ஜூலை 1இல் தொடங்கியது. ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி 1இல். தாமதமாகத் தொடங்கினாலும் ஸ்காட்லாந்துச் சான்றிதழ்கள் பொக்கிஷம். இறப்புச் சான்றில் தந்தை பெயரும், தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயரும் இருக்கும். இங்கிலாந்துச் சான்றில் அந்தக் காலத்தில் அது கிடையாது. 1855இல் இறந்த ஒருவர் 1780இல் பிறந்திருந்தால், அவருடைய பெற்றோரின் பெயர் ஒரே தாளில் கையில் கிடைத்துவிடுகிறது. அந்த முதல் ஆண்டில் மட்டும் பிறப்புப் பதிவில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், திருமணத் தேதி, முன்னால் பிறந்த பிள்ளைகளின் எண்ணிக்கை வரை கேட்டார்கள். பதிவாளர்களுக்குத் தாங்கமுடியாத வேலையாகிவிட்டதால் 1856இல் பலவற்றைக் கைவிட்டார்கள். திருமணத் தேதி 1861இல் திரும்பி வந்தது. ஆகவே குடும்பத்தில் யாராவது 1855இல் பிறந்தோ மணந்தோ இறந்தோ இருந்தால், முதலில் வாங்க வேண்டியது அந்தச் சான்று. அது நேர் முன்னோராகக்கூட இருக்க வேண்டாம், அண்ணன் தங்கையாக இருந்தாலும் போதும்.

1855க்கு முன்னால் பழைய பங்குப் பதிவேடுகள்தான் கதி. மிகப் பழையது 1553இல் தொடங்குகிறது. பெரும்பாலானவை அதற்கு வெகுகாலம் பிற்பட்டவை, இடையிடையே பல ஆண்டுகள் இல்லாதவை. இவை ஸ்காட்லாந்துத் திருச்சபையின் ஏடுகள். 1733இல் ஒரு பெரும் பிரிவு அந்தச் சபையைவிட்டுப் பிரிந்து போனது. நெசவாளர்கள், கைவினைஞர்கள் பலர் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அவர்கள் பிள்ளைகளின் ஞானஸ்நானம் பங்கு ஏட்டில் இருக்காது. 1783இல் இன்னொரு இடி: ஏட்டில் எழுதும் ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி. 1794இல் வரி நீங்கும் வரை ஏழைகள் பலர் பதிவே செய்யவில்லை. ஒரு பென்னிகுக் குடும்பத்தில் 1782க்கும் 1795க்கும் நடுவில் பிள்ளைகளே இல்லாததுபோல் தெரிந்தால், அது வரியின் வேலை; மனைவி இறந்துவிட்டார் என்று கற்பனை செய்ய வேண்டியதில்லை. வசதி ஒன்று: ஸ்காட்லாந்தில் மணமான பெண்கள் பத்திரங்களிலும் கல்லறைகளிலும் பிறந்தவீட்டுப் பெயரோடே தொடர்ந்தார்கள். பென்னிகுக் வீட்டுப் பெண் வேறு வீட்டுக்குப் போனபின்பும் தேடலில் அகப்படுவார்.

ஸ்காட்லாந்து அரசின் தளத்தில் பெயர்க் குறிப்பைத் தேடுவது இலவசம். மூல ஏட்டின் படத்தைப் பார்க்கத்தான் கட்டணம். குறிப்பை மட்டும் வைத்து மரம் வரைவது கூடாது. சாட்சிகளின் பெயர், பண்ணையின் பெயர், தொழில் எல்லாம் படத்தில்தான் இருக்கும். 'பென்னிகுக், மில்டவுன் பண்ணைக் குத்தகைக்காரர்' என்பதுபோன்ற ஒரு வரிதான் இரண்டு அலெக்சாண்டர்களைப் பிரித்துக் காட்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1841 முதல் பத்தாண்டுக்கு ஒரு முறை பெயர்வாரியாகக் கிடைக்கிறது. 1841ஐ மட்டும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள், 39 வயதுக்காரர் 35 ஆவார். பிறந்த பங்கும் இருக்காது, இந்த மாவட்டமா இல்லையா என்பது மட்டுமே. 1851 முதல் பங்கின் பெயரே வருகிறது. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 கணக்கெடுப்பு 1942 டிசம்பரில் தீயில் போய்விட்டது. ஸ்காட்லாந்தின் 1931 ஏடுகள் தப்பின.

பரவல் வரைபடத்துக்குப் பெரும்பாலோர் எடுத்துக்கொள்வது 1881. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றும் முழுமையாகக் கணினியில் ஏற்றப்பட்டு, ஒரே அட்டவணையாகக் கிடைக்கிறது. ரயில் வந்துவிட்ட காலம்தான் என்றாலும், பெரும்பாலோர் பாட்டன் பூட்டன் ஊருக்கு ஓரிரு மாவட்டத் தொலைவுக்குள்ளேயே இருந்தார்கள். இதில் நம் பெயரை வரைந்தால் கிழக்கு ஸ்காட்லாந்துதான் கனத்து நிற்கும்: எடின்பரோ வட்டாரம், ஃபோர்த்துக்கு வடக்கே ஃபைஃப், அதற்கும் அப்பால் பெர்த், ஆங்கஸ் பக்கம். பிறகு தொழிற்சாலை வேலைக்கு மேற்கே போனவர்களால் கிளாஸ்கோ, எல்லோரையும் இழுக்கும் லண்டன்.

வரைவதில் தப்பு நடக்கும் இடங்கள் தெரிந்தவையே. வெறும் தலை எண்ணிக்கையைப் போட்டால் எந்தப் பெயருக்கும் லண்டனும் கிளாஸ்கோவும் சிவப்பாகிவிடும், அங்கே ஆள் அதிகம் என்பதால். ஒவ்வொரு பதிவு மாவட்டத்திலும் பெயருள்ளவர்களின் எண்ணிக்கையை அந்த மாவட்ட மக்கள்தொகையால் வகுத்து, அதை நாடு முழுவதற்குமான விகிதத்தால் மறுபடி வகுக்க வேண்டும். விடை 1 என்றால் சராசரி. 20, 30 என்று ஏறினால் அது வேர் ஊன்றிய இடம். ஆனால் அபூர்வப் பெயரில் இந்தக் கணக்கே காலைவாரும். ஆள் குறைந்த மலைப் பங்கில் எட்டுப் பிள்ளைகளோடு ஒரே ஒரு குடும்பம் இருந்தால், விகிதம் வானத்துக்குப் போய்விடும். ஆகவே தலைகளை விட்டுவிட்டு வீடுகளை எண்ண வேண்டும். மூன்று வீட்டுக்குக் குறைந்தால் அந்த மாவட்டத்தைச் சாம்பல் நிறத்தில் விட்டுவிடுவது நல்லது. படைமுகாம், கப்பல், சிறை, மனநல விடுதி, வேலைபார்த்த வீடுகளில் தங்கிய தனி ஆட்கள் எல்லோரையும் வேறு பட்டியலில் எடுத்து, இருக்கும் இடத்துக்குப் பதில் பிறந்த பங்கில் புள்ளி வைக்க வேண்டும். பிறந்த பங்கை வைத்து ஒரு வரைபடம், இருந்த இடத்தை வைத்து ஒரு வரைபடம் என இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இடப்பெயர்ச்சி தானே தெரியும்.

இந்த ஏடுகள் எவ்வளவு விட்டுவிடும் என்பதற்கு அணை கட்டியவரே சாட்சி. ஜான் பென்னிகுக் 1841 ஜனவரி 15இல் புனேயில் பிறந்தார். அந்த ஆண்டு ஜூனில் பிரிட்டனில் கணக்கெடுப்பு நடந்தபோது அவர் இந்தியக் குழந்தை. அப்பா பிரிகேடியர் ஜான் பென்னிகுக் 1849 ஜனவரி 13இல் சில்லியன்வாலா போரில், 24ஆம் படைப்பிரிவின் தாக்குதலில் இறந்தார். அதே நாளில், அதே களத்தில், 17 வயது மகன் அலெக்சாண்டரும் இறந்தான். இளையவன் ஜானுக்கு எட்டு வயதாக இரண்டு நாள் பாக்கி. செல்டனம் கல்லூரி, அடிஸ்கோம் ராணுவப் பயிற்சிப் பள்ளி, பிறகு சென்னைப் பொறியாளர் படை. 1860 முதல் அவருடைய வேலைக்காலம் பெரும்பகுதி தென்னிந்தியாவில். 1887இல் தொடங்கிய அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஆக, வரைபடக்காரர்கள் நம்பியிருக்கும் 1881 அவருடைய உத்தியோகக் காலத்தின் நடுவில் விழுகிறது. ஓய்வுக்குப் பின் சர்ரே மாவட்டத்தின் கேம்பர்லியில் குடியேறி, 1911 மார்ச் 9இல் இறந்தார். அடுத்த கணக்கெடுப்பு ஏப்ரல் 2 இரவு. 24 நாள் வித்தியாசத்தில் அதிலும் அவர் இல்லை.

அவர் குடும்பத்தார் அந்த ஆண்டு சர்ரேயில் பதிவாகியிருந்தால், அது பென்னிகுக்குகளின் சர்ரே கிளை ஆகிவிடாது. கேம்பர்லி ராணுவக் கல்லூரிகளுக்கு அருகில் இருக்கும் ஊர். செல்டனமைப்போலவே இந்தியாவிலிருந்து ஓய்வுபெற்று வந்த அதிகாரிகள் கூட்டமாகத் தங்கிய இடம். தென் இங்கிலாந்தில் ஓர் அபூர்வ ஸ்காட்லாந்துப் பெயர் தனிப் புள்ளியாக நின்றால், முதலில் ஓய்வூதியப் பட்டியலைப் பார்ப்பது என் வழக்கம். அதற்கப்புறம்தான் குடியேற்றம், வணிகம் எல்லாம்.

இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வழி லண்டனில் இருக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்திய அலுவலக ஆவணங்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் மாகாணவாரி ஏடுகள் உண்டு: 'என்' வரிசையில் 1 வங்கம், 2 சென்னை, 3 பம்பாய். புனேயில் பிறந்தவர் மூன்றாவதில் வருவார். சென்னையில் வேலைபார்த்தார் என்பதற்காக இரண்டாவதைப் புரட்டினால் பிறப்பு கிடைக்காது, திருமணமும் பிள்ளைகளும் கிடைக்கலாம். ஞானஸ்நானம் பிறந்து பல மாதம் கழித்து, படைப்பிரிவு அடுத்த முகாமுக்குப் போனபின் நடப்பதும் உண்டு. அதனால் தேதியைச் சுற்றி இரண்டு ஆண்டு தேட வேண்டும். இந்தியக் கணக்கெடுப்பில் பெயர்வாரிப் படிவங்களைப் பாதுகாக்கவில்லை, அந்தப் பக்கம் போவது வீண்.

பெயர் ஏன் இவ்வளவு அபூர்வமாகவே நின்றது என்பதற்குச் சோக வரலாறு எதுவும் தேவையில்லை, கணக்கே போதும். குடும்பப்பெயர் மகன் வழியாகப் போவது. ஒவ்வொருவருக்கும் சராசரியாக ஒரு மகன், ஆனால் சிலருக்கு மூன்று, சிலருக்கு இல்லவே இல்லை என்று வழக்கமான சிதறலை வைத்துக்கொண்டால், ஒரே ஆளில் தொடங்கும் பெயர் முதல் தலைமுறையிலேயே அற்றுப்போக 37 விழுக்காடு வாய்ப்பு, இரண்டாவதற்குள் 53, மூன்றாவதற்குள் 63. பிரான்சிஸ் கால்டன் 1873இல் இந்தக் கேள்வியை எழுப்பினார். வாட்சன் என்ற பாதிரியார் விடை கண்டார். மக்கள்தொகை பெருகினாலும் எல்லாப் பெயரும் கடைசியில் அழியும் என்று அவர் எழுதியது மட்டும் தப்பு. பென்னிகுக் குடும்பத்திலேயே பாருங்கள்: பிரிகேடியருக்குப் பல மகன்கள் இருந்தும், ஒருவன் 17 வயதில் போரில் போய்விட்டான். அணை கட்டிய ஜானுக்கு மகள்கள் பலர், மகன் ஒருவர். அந்த ஒருவர், சர் ஜான் பென்னிகுக் (1899–1982), இங்கிலாந்தில் நீதிபதியாகப் பேர் வாங்கினார்.

எல்லோரும் ஒரு வழியா என்பதைச் சொல்ல இன்று ஒய் குரோமோசோம் சோதனை இருக்கிறது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போவதால் குடும்பப்பெயரோடு சேர்ந்தே பயணம் செய்யும். 40 பிரிட்டிஷ் குடும்பப்பெயர்களை வைத்து 2009இல் வெளிவந்த ஆய்வில், ஆட்டன்பரோ பெயருடையவர்களில் 87 விழுக்காட்டினர் ஒரே வகையைச் சேர்ந்தவர்களாக இருந்தார்கள். ஸ்மித்களிடம் அப்படி ஒன்றும் இல்லை. தத்து, திருமணத்துக்கு வெளியே பிறப்பு, மனைவி வழிச் சொத்துக்காகப் பெயர் மாற்றிக்கொள்வது போன்ற முறிவுகள் தலைமுறைக்கு 1 முதல் 4.5 விழுக்காடு இருக்கலாம் என்பது அதே ஆய்வின் மதிப்பீடு. 2 விழுக்காடு என்று கொண்டால்கூட, 25 தலைமுறைக்குப் பிறகு முறியாத வழி 60 விழுக்காடுதான் மிஞ்சும். ஆகவே பொருந்தவில்லை என்பதற்காகக் காகித ஆதாரத்தைக் கிழித்துப் போட வேண்டாம். குரோமோசோமில் ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்களைக் குறியிடம் என்பார்கள். 12 குறியிடச் சோதனை காசுக்குக் கேடு, பாதி ஐரோப்பா பொருந்தும். 37 குறியிடத்தில் தொடங்கி, நான்குக்கு மேல் வேறுபட்டால் விட்டுவிடலாம். பெண்கள் தாங்களே கொடுத்துப் பயனில்லை. அப்பா, அண்ணன், சித்தப்பா மகன் யாராவது எச்சில் கொடுக்க வேண்டும். ஃபைஃப்பிலிருந்து இருவர், மிட்லோதியனிலிருந்து இருவர், ராணுவக் குடும்ப வழியில் ஒருவர் என்று கிளைக்கு ஆள் பிடித்துச் சோதித்தால் ஐந்து சோதனையிலேயே நல்ல துப்பு கிடைக்கும். கையில் அகப்பட்ட இருபதுபேரைச் சோதிப்பதைவிட அது மேல்.

இன்றைய பட்டியல்களை வைத்து வரைபவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் கட்டத்தில் அப்பா பெயரைப் போடும் தமிழர்கள் அதிகம். அப்பாவின் பெயரே பென்னிகுக் என்றால், பிள்ளை லண்டனுக்குப் படிக்கப் போகும்போது ஸ்காட்லாந்தோடு தொடர்பே இல்லாத ஒரு பென்னிகுக் அங்கே பதிவாவார். நீக்கிவிடாதீர்கள், தோற்றம் என்ற பத்தியில் தனிக் குறி போட்டு வையுங்கள்.

அடுத்தது, ஜான் பென்னிகுக் சொந்தச் சொத்தை விற்று அணையை முடித்தார் என்ற கதை. தென் மாவட்டங்களில் இதைக் கேட்காத ஆள் இல்லை. நம்புவதற்கு முன்னால் சோதிக்க வழி இருக்கிறது. விற்ற சொத்து ஸ்காட்லாந்தில் இருந்திருந்தால் தப்பவே முடியாது: 1617 முதல் அங்கே நிலம் கைமாறினால் பொதுப் பதிவேட்டில் ஏற்றியாக வேண்டும், 1781க்குப் பிந்தைய பதிவுகளுக்கு மாவட்டவாரிச் சுருக்கமும், ஆள் பெயர், இடப் பெயர் அகரவரிசையும் எடின்பரோவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இங்கிலாந்துச் சொத்து என்றால் சிக்கல். யார்க்ஷயர், மிடில்செக்ஸ் தவிர மற்ற மாவட்டங்களில் அந்தக் காலத்தில் பத்திரப் பதிவேடு கிடையாது. வாங்கியவர் குடும்பத்தின் பழைய பத்திரக் கட்டு மாவட்டக் காப்பகத்துக்கு வந்திருந்தால்தான் உண்டு. உயில் பட்டியல் 1858 முதல் ஆண்டுவாரியாக இருக்கிறது. 1911ஐ எடுத்தால் அவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு ஒரு வரியில் கிடைக்கும், ஆனால் அதற்கு முன்னால் எதை விற்றார் என்று அது சொல்லாது. அணைக்கு யார் பணம் கொடுத்தது என்பதற்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பொதுப்பணித் துறை நடவடிக்கைக் குறிப்புகளை 1887 முதல் 1895 வரை ஆண்டுவாரியாகக் கேட்டு வாங்க வேண்டும். மதிப்பீடு, ஒப்புதல், திருத்திய மதிப்பீடு என்ற மூன்று தலைப்பின் கீழ்தான் பணம் வந்த வழி எழுதப்பட்டிருக்கும்.